எந்தக் கேலிபர் என்று கேட்பதற்கு முன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மலைகளில் நடக்கும், எல்க் என்ற பெரிய மானின் வேட்டை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, டென்வரில் வேலை பார்க்கும் இரண்டு தம்பிகள் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: "அக்கா, இதில் சொல்லியிருக்கிற .300 மேக்னத்தையே வாங்கிவிடலாமா? ஆயிரம் கஜத்திலிருந்து அடிக்கலாம் என்று போட்டிருக்கிறதே?" அவர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போயிற்று. உங்கள் பத்திரிகையை நம்பிக் கடைக்குப் போகிற பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் பேச்சிப்பாறைப் பக்கத்துக்காரி. கொலராடோ மாநிலத்தில் கன்னிசன் என்ற சிற்றூரில் பத்தொன்பது வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஊரே கடல்மட்டத்திலிருந்து 7,700 அடி உயரத்தில் இருக்கிறது. வடமேற்கே தெரிகிற மலைக்காட்டுக்குப் பெயரே வெஸ்ட் எல்க். பதினொரு வருடமாக, அனுமதிச் சீட்டு கிடைக்கிற வருடங்களில், பெட்டை எல்க் வேட்டைக்குப் போய் வருகிறேன். ஒன்று கிடைத்தால் எங்கள் நாலு பேர் குடும்பத்துக்கு அந்த வருடம் கடையில் இறைச்சி வாங்க வேண்டியதில்லை.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்டிருப்பது எல்க் இல்லை, மூஸ். உள்ளங்கையை விரித்தது போன்ற பட்டைக் கொம்பும், தொங்கும் மூக்கும், தாடையின் கீழ் ஆடும் சதையும் மூஸுக்குத்தான். எல்க்கின் கொம்பு கிளை கிளையாகப் பிரியும், உடம்பின் பின்புறம் வெளிறியிருக்கும். எங்கள் ஊரில் மிளா என்று சொல்வோமே, அந்தக் கடமானுக்கு உறவுக்கார விலங்கு இது. ஆனால் பெட்டையே ஏறக்குறைய 500 பவுண்டு, கிடா 700 பவுண்டு இருக்கும். ஐரோப்பாவில் மூஸைத்தான் எல்க் என்பார்கள், அதனால் குழப்பம் வருவது இயல்புதான். சுவீடனில் அந்த மூஸை, எல்க்கைவிடப் பெரிய அந்த விலங்கை, 6.5×55 என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டாவால் நூறு வருடத்துக்கு மேலாக வேட்டையாடி வருகிறார்கள். மேக்னம் இல்லாமல் பெரிய மான் விழாது என்று கட்டுரை சொல்வது எப்படிச் சரியாகும்?

அப்புறம் எண்கள். எண் பெரிதானால் குண்டும் பெரிது என்ற நினைப்பில் எழுதியிருக்கிறார்கள். கேலிபர் என்பது குழலின், குண்டின் விட்டம். .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற மூன்றும் எறிவது ஒரே விட்டமுள்ள குண்டைத்தான், 0.308 அங்குலம். பின்னால் இருக்கும் பித்தளைக் கூட்டின் அளவும் அதற்குள் கொள்ளும் வெடிமருந்தும்தான் வேறு. .30-06-இல் உள்ள 06, அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கொண்ட 1906-ஆம் ஆண்டைக் குறிக்கும். .308 வந்தது 1952-இல், .300 மேக்னம் 1963-இல்.

மேக்னத்தால் கிடைப்பது என்ன? 180 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு .30-06-இல் விநாடிக்கு சுமார் 2,700 அடி வேகத்தில் கிளம்பும். .300 மேக்னத்தில் சுமார் 2,960 அடி. இரண்டையும் 200 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், 400 கஜத்தில் முதலாவது ஏறக்குறைய இரண்டடி கீழே இறங்கும். மேக்னம் அதைவிட நாலைந்து அங்குலம் குறைவாக இறங்கும், அவ்வளவுதான். தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் எல்லார் பையிலும் இருக்கிற காலத்தில் இந்த இறக்கத்தைக் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த நாலைந்து அங்குலத்துக்குத் தோள்பட்டை கொடுக்கிற விலை பெரிது. இதை என் உடம்பால் தெரிந்துகொண்டேன்.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். முதல் துப்பாக்கி வாங்கப் போனபோது கடைக்காரர் .300 மேக்னத்தைத்தான் கையில் கொடுத்தார். "எல்க்குக்கு இதற்குக் கீழே எதுவும் போதாது" என்றார். நம்பி வாங்கினேன். இருபது தோட்டா சுட்டால் தோள் கன்றிப்போகும். அதனால் பயிற்சியைக் குறைத்துக்கொண்டேன், அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. மூன்றாவது வருட அக்டோபரில், ஓஹையோ க்ரீக் பள்ளத்தாக்கின் மேல் சரிவில், 430 கஜத்தில் ஒரு பெட்டை பக்கவாட்டில் நின்றது. காற்று இடப்பக்கமிருந்து விட்டு விட்டு அடித்தது. விசையை அழுத்தினேன். குண்டு பட்ட சத்தம் கேட்டது. அது முதுகை வளைத்துக்கொண்டு மெதுவாக மரங்களுக்குள் போயிற்று.

அந்த முதுகு வளைவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்ல யாரும் தேவையில்லை. வயிற்றில் அடிபட்டு வருகிறவர்கள் அப்படித்தான் குறுகிக்கொண்டு வருவார்கள். இரண்டு நுரையீரலும் கிழிந்தால் ரத்த அழுத்தம் விநாடிக்கணக்கில் விழுந்துவிடும், விலங்கு நூறு கஜம்கூடப் போகாமல் சாயும். குடலில் பட்டால் மணிக்கணக்கில் துடிக்கும். இரண்டு நாள் தேடினேன். முதல் நாள் அங்கங்கே கொஞ்சம் ரத்தமும் பச்சைச் சாணமும் கிடைத்தன. இரண்டாம் நாள் பனி விழுந்து எல்லாத் தடத்தையும் மூடிவிட்டது. அந்தப் பெட்டை கிடைக்கவே இல்லை. காயப்படுத்திய விலங்கைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது இங்கே விதி, அதைச் செய்தேன். ஆனால் அதனால் மனசு ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், வாழ்நாள் முழுவதும் மாடு வளர்த்தவர், என்னைத் துப்பாக்கி சுடும் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்களைக் கலந்து போட்டுக் கொடுத்தார். வெற்றுத் தோட்டா வந்தபோது ஊசி 'டிக்' என்று தட்டியது. வெடிக்காத துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே குத்தி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். உதைக்கப்போகிறது என்ற பயத்தில் உடம்பு முன்கூட்டியே சுருங்கிக்கொள்கிறது. இந்தச் சுருக்கத்தை எந்தக் கேலிபராலும் ஈடுகட்ட முடியாது.

அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டு 7மிமீ-08 வாங்கினேன். .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கி 1980-இல் கொண்டுவந்த தோட்டா இது. 140 கிரெய்ன் குண்டை விநாடிக்கு சுமார் 2,800 அடி வேகத்தில் அனுப்பும். உதைப்பு மேக்னத்தில் பாதிதான். வாரா வாரம் அலுக்காமல் சுட முடிகிறது. இதை வைத்து ஐந்து பெட்டை எல்க் எடுத்திருக்கிறேன். மிக நீண்ட தூரம் 260 கஜம், ஐந்தில் ஒன்றுகூட என் கண்ணை விட்டு மறையவில்லை.

இந்த வாக்குவாதம் பழையது என்பதும் உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். ஐடஹோ மாநிலத்தில் லூயிஸ்டனில் ஜாக் ஓ'கானர், சால்மனில் எல்மர் கீத் என்று இரண்டு வேட்டை எழுத்தாளர்கள் இருந்தார்கள். ஓ'கானர் 1925-இல் வந்த .270 வின்செஸ்டரை வாழ்நாள் முழுக்க உயர்த்திப் பிடித்தார். இலேசான வேகமான குண்டு, சரியான இடம், அது போதும் என்பது அவர் கட்சி. கீத்தோ கனமான, அகலமான குண்டு இல்லாமல் எல்க் பக்கம் போகாதே என்பார். இருவர் சொன்னதிலும் அனுபவம் இருக்கிறது. மோசமான கோணத்தில் தோள் எலும்பைத் தாண்ட வேண்டியிருந்தால் கனமான குண்டுக்கு மதிப்பு உண்டு, அதை மறுக்கமாட்டேன். இன்று .338 கேலிபர் துப்பாக்கியை அசையாமல் சுடக்கூடிய ஆஜானுபாகுவான ஆள் அதை எடுத்துக்கொண்டு போகட்டும். என் மனம் ஓ'கானர் பக்கம்தான்.

சரி, நெடுந்தூரத்துக்கு வருகிறேன். 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர், 2022-இல் வந்த 7மிமீ பிஆர்சி மாதிரிப் புதுத் தோட்டாக்கள் காற்றை நன்றாகக் கிழித்துப் போகும் நீண்ட குண்டுகளுக்காகவே அமைக்கப்பட்டவை. நல்ல தோட்டாக்கள், குறை சொல்லமாட்டேன். எல்க்குக்குக் குண்டில் 1,500 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும் என்று இங்குள்ளவர்கள் ஒரு வாய்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். சட்டம் இல்லை, பழக்கம். அந்தக் கணக்குப்படி 6.5 கிரீட்மூர் சுமார் 400 கஜத்தோடு நின்றுவிடும், 7மிமீ பிஆர்சி இன்னும் வெகுதூரம் போகும். ஆனால் ஆற்றல் போகிற தூரமும் நம் கை போகிற தூரமும் ஒன்றல்ல. எல்க்கின் நெஞ்சில் நாம் அடிக்க வேண்டிய இடம் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே அகலம். மணிக்குப் பத்து மைல் காற்று .30-06 குண்டை 500 கஜத்தில் ஓர் அடிக்கு மேல் தள்ளிவிடும். இந்த மலைகளில் நாம் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுப் பள்ளத்தில் ஒன்று, மான் நிற்கும் மேட்டில் இன்னொன்று. தூரத்தைக் கருவி அளந்துவிடும், அந்த மூன்று காற்றையும் யார் அளப்பது? இன்னொன்று: 500 கஜத்துக்குக் குண்டு போய்ச்சேர அரை விநாடிக்கு மேல் ஆகும். விசை அழுத்திய பிறகு மான் ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றில் போய் நிற்கும். துப்பாக்கி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் இது மாறாது.

வேகம் குறைந்த குண்டு விரிவதும் இல்லை. விநாடிக்கு 1,800 அடிக்குக் கீழே வந்துவிட்டால் பல குண்டுகள் ஊசி குத்தியது போல் துளைத்துக்கொண்டு போய்விடும். நான் போடுவது முழுக்கச் செம்புக் குண்டு, என் பிள்ளைகள் சாப்பிடும் இறைச்சியில் ஈயத் துணுக்கு இருக்கக் கூடாது என்பதற்காக. செம்பு விரிய இன்னும் வேகம் வேண்டும், அதனாலும் என் எல்லை 300 கஜம்.

உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்கப் பெரியவர் சொல்லிக்கொடுத்த வழி இதுதான். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை நட்டுவையுங்கள். மேசையில் மணல்மூட்டை போட்டுச் சுடக்கூடாது. சரிவில் மூச்சிரைக்க ஏறிவந்து, தரையில் உட்கார்ந்து, கவட்டைக் குச்சியில் துப்பாக்கியைத் தாங்கிச் சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. நாலு மட்டும் விழுந்தால் இன்னும் கிட்டே வரவேண்டும்.

சட்டத்தையும் கட்டுரை தொடவில்லை. கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது .24 கேலிபர், 85 கிரெய்ன் எடையுள்ள விரியும் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று காட்ட வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் உடுப்பு, இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம், தலையிலும் அதே நிறம். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலே விட்டுவிட்டு வருவது குற்றம். ஐடஹோவில் 16 பவுண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கியால் பெரிய விலங்குகளை வேட்டையாடவே தடை. இன்னொன்று நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியம்: எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. இது தெரியாமல் கடைக்குப் போனால் வாழ்க்கையே சிக்கலாகிவிடும்.

வேட்டையே பாவம் என்று நினைக்கும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இந்தியாவில் 1972 சட்டம் காட்டு விலங்குகளைக் காப்பது சரிதான், பேச்சிப்பாறையில் மிளாவை யாராவது சுட்டால் நானே புகார் கொடுப்பேன். இங்கே நிலைமை வேறு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அழிந்துகொண்டிருந்த எல்க் இன்று கொலராடோவில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். உரிமக் கட்டணமும், 1937 சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரியும்தான் அதைக் காப்பதற்குக் கிடைக்கும் பெரிய பணம். கொல்வது அனுமதிக்கப்பட்டது என்பதாலேயே எப்படிக் கொல்கிறோம் என்ற கவலை நமக்கு இன்னும் அதிகமாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

தம்பிகள் இருவருக்கும் நான் எழுதிய பதில்: இந்த வருடம் எதையும் வாங்காதீர்கள். முதலில் பயிற்சி வகுப்பை முடியுங்கள். விசாவில் இருந்தால் வேட்டை உரிமத்தையும் எடுத்த பிறகு, திடலில் .308-உம் 7மிமீ-08-உம் வாடகைக்கு எடுத்து நூறு தோட்டா சுட்டுப் பாருங்கள். அடுத்த அக்டோபரில் என்னோடு வந்து, துப்பாக்கி இல்லாமல், 300 கஜத்துக்குள் ஒரு பெட்டையை நெருங்கிப் பாருங்கள். அது முடிந்தால் பிறகு கேலிபரைப் பேசலாம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. மூஸ் படத்துக்குத் திருத்தம் போடுங்கள். "ஆயிரம் கஜத்தில் ஒரே குண்டு" என்ற தலைப்புக்குக் கீழே, அந்தத் தூரத்தில் அடிபட்டுக் கிடைக்காமல் போன விலங்குகளைப் பற்றியும் அடுத்த இதழில் நாலு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
கன்னிசனிலிருந்து ஒரு வாசகி,
கொலராடோ