வளைவில்தான் கைவண்ணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

லெகோ கட்டைகளில் ரயில் செய்வோரைப் பாராட்டுகிறவர்கள் நிறத்தையும் நீளத்தையும்தான் பார்க்கிறார்கள். உண்மையான வேலை தண்டவாள வளைவில் இருக்கிறது. லெகோவின் வழக்கமான வளைவு 16 துண்டு சேர்ந்தால் ஒரு வட்டம். ஆரம் 40 குமிழ் (குமிழ் என்பது கட்டையின் மேலுள்ள உருண்டைப் புடைப்பு; அதை வைத்தே நீளத்தை அளப்பார்கள்), அதாவது 320 மி.மீ.

நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் பெட்டியை 45-இல் ஒரு பங்காகக் குறைத்தால் அகலம் 9 குமிழ், நீளம் 59 குமிழ் வரும். அதே விகிதத்தில் குறைத்த அகல ரயில்பாதைக்கு லெகோ தண்டவாளத்தின் அகலமும் அழகாகப் பொருந்தும். ஆனால் அந்த வளைவில் பெட்டியின் நடுப்பகுதி சுமார் 45 மி.மீ. உள்ளே ஒதுங்கி, பக்கத்துப் பாதையில் வரும் வண்டியை இடிக்கும். அதனால்தான் தேர்ந்த கைகள் பெட்டியை 32 குமிழுக்குச் சுருக்கி, போகிகளை (பெட்டிக்கு அடியில் திரும்பும் சக்கரத் தொகுதிகளை) 20 குமிழ் இடைவெளியில் வைக்கின்றன. ஒதுக்கம் 10 மி.மீ.தான். ஜன்னல்களைக் குறைத்தும் பெட்டி பெட்டியாகவே தெரிவது சாமர்த்தியம்!

பெட்டிகளை இணைக்கும் காந்தக் கொக்கியைப் பெட்டியின் உடலில் பூட்டினால் வளைவில் பிடுங்கிக்கொள்ளும். போகியில் பூட்ட வேண்டும். இஞ்சின் சக்கரம் வழுக்கினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரிப் பெட்டியை மோட்டார் போகிக்கு நேர் மேலே நகர்த்துங்கள், சக்கரத்து ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

– ஒரு வாசகர், பெரம்பூர்