மழை இடிச்ச கோயிலும் நம்ம வீட்டு மாடியும்

தம்பிக்கு,

அப்பா எழுதுறேன். போன் பண்ணா ட்யூட்டிங்குற, இல்லாட்டி நெட் கட்டாகுது, அதான் மொத்தமா டைப் பண்ணி அனுப்புறேன், ஷிஃப்ட் முடிஞ்சு சாப்புட்டுட்டு மெதுவா படி.

போன ஞாயித்துக்கிழமை நார்த்தாமலை போயிருந்தோம். அம்மாவுக்கு முத்துமாரியம்மன் கோயில்ல மாவிளக்கு வேண்டுதல் பாக்கி இருந்துச்சு. அது முடிஞ்சப்ப மணி எட்டரைதான், மாப்பிள்ளை "மாமா, மேலமலைக்கு ஏறிப் பாத்துட்டு வந்துருவோமா"ன்னாரு. புதுக்கோட்டையிலேருந்து 17 கிலோமீட்டர், நாப்பது வருஷமா இந்தச் சுத்துவட்டாரத்துல கொத்து வேலை பாக்குறேன், ஆனா மேல இருக்குற அந்த சிவன் கோயில ரோட்டுலேருந்து பாத்ததோட சரி. அம்மா முட்டி வலின்னு கீழயே மரத்தடியில உக்காந்துட்டா.

படிக்கட்டுன்னு பெருசா இல்ல, பாறைச் சரிவுலயே ஏறணும். வழியில ஒரு சுனை, தண்ணி பச்சையா கெடக்கு. மேல போயி திரும்புனா தம்பி, பாறை மேல பாறையாவே முளைச்ச மாதிரி நிக்குது விஜயாலய சோழீஸ்வரம். மேக்க பாத்த கோயில், முன்னாடி நந்தி. சுத்தி எட்டு சின்னக் கோயில் இருந்துருக்கு, இப்ப ஆறுதான் மிச்சம்.

எல்லாரும் சாமி கும்புட்டாங்க, நான் சுவத்தத்தான் பாத்துட்டு இருந்தேன். வெளிய சதுரம். உள்ள போனா கருவறை ரவுண்டு! ரெண்டு சுவத்துக்கும் நடுவுல ஆள் சுத்தி வர்ற மாதிரி ஒரு சந்து. உனக்கு ஞாபகம் இருக்கா, நம்ம கெணத்துக்கு செங்கல்லுல சுத்துச்சுவர் கட்டுனப்ப நடுவுல கம்பி நட்டு கயித்தக் கட்டி ஒவ்வொரு வரிக்கும் சுத்திச் சுத்திப் பாத்தேன், அப்பவும் ஒரு எடத்துல வயிறு தள்ளிருச்சுன்னு நீயே சிரிச்ச. அது செங்கல்லு, கோணிப்போனா தட்டிச் சரி பண்ணலாம், இது கருங்கல்லு, ஒவ்வொரு கல்லையும் கீழயே வளைவா அடிச்சுக் கொண்டாந்து வைக்கணும், ஒரு உளி கூட விழுந்தா அந்தக் கல்லு போச்சு. நடுவுல சாந்து கிடையாது, கல்லு வெயிட்டுலயே கல்லு நிக்குது. கைய வெச்சுத் தடவிப் பாத்தேன், எங்கயும் வயிறு தள்ளல.

வெளிச்சுவத்துல சாமி சிலைக்கு மாடமே இல்ல, வெறும் அரைத்தூண்தான். ஆடுற பொம்பளைங்க சிலையெல்லாம் மேல. விமானமும் கீழ் அடுக்கெல்லாம் சதுரமா போயி உச்சியில மட்டும் ரவுண்டாகுது. உள்ள என்ன வெச்சிருக்கேன்னு வெளிய இருக்கறவனுக்குச் சொல்றான் போல, அப்புடித்தான் எனக்குப் பட்டுச்சு.

பேருதான் விஜயாலய சோழன் பேரு. 850 வாக்குல தஞ்சாவூரப் புடிச்சாரே, அந்த ராஜா. ஆனா கட்டுனது அவரு இல்லயாம், இந்தப் பக்கம் ஆண்ட முத்தரையர் வழியில வந்த சாத்தன் பூதிங்கற இளங்கோவதிரையர்னு மாப்பிள்ளை போன்ல தேடிப் படிச்சாரு. வாசல்ல நிக்கிற துவாரபாலகர் காலுக்குக் கீழ கல்வெட்டு இருக்கு. அதுல என்னன்னா, சாத்தன் பூதி கட்டுன கற்றளிய, அதாவது இந்தக் கல்லு கோயில, மழை இடிச்சிருச்சு, அப்புறம் மல்லன் விடுமன்கற ஒருத்தரு புதுக்குனாருன்னு. அவ்வளவுதான் சேதி. ரிப்பேர் பாத்தவரு தன் பேர மட்டும் வெட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்ல? முன்ன கட்டுனவன் பேரையும் சேத்து வெட்டியிருக்காரு. இப்ப பத்து ரூபாய்க்கு ட்யூப்லைட் வாங்கிக் குடுத்தவன் அதுல பாதிக்குத் தன் பேர எழுதி வெக்கிறான்.

எதுத்தாப்புல பாறையில ரெண்டு குடைவரை. ஒண்ணு பெருமாளுக்கு, முன்ன சமணர் குகையா இருந்துச்சாம், சுவத்துல பன்னெண்டு பெருமாள் வரிசையா நிக்கிறாரு, பன்னெண்டும் ஒரே அச்சு. இன்னொண்ணு சின்னது, பழியிலி ஈஸ்வரம், நிருபதுங்க பல்லவன் காலம், 862 சுமாருக்கு. சாத்தன் பழியிலி குடைஞ்சது, அவரு மக முன்மண்டபமும் நந்தியும் செஞ்சு வெச்சிருக்கு. அப்பன் போட்டது பழசுன்னு அந்தப் புள்ள வேற எடம் பாக்கல பாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன ஐப்பசி மழையில நம்ம மாடி ஒழுகுனதுக்கு நீ "இடிச்சுட்டு புதுசா கட்டுங்கப்பா, பணம் அனுப்புறேன்"னு சொன்ன. ஊருக்கெல்லாம் தளம் போட்டவன் வீட்டுல நடுக்கூடத்துல அண்டா வெச்சிருக்கோமேன்னு எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அது உன் தாத்தா போட்ட மெட்ராஸ் டெரஸ், மரக்கட்டை மேல செங்கல்லு அடுக்கி சுண்ணாம்புல போட்ட தளம், சுண்ணாம்பு அவரே நீத்தி, கடுக்கா ஊறப்போட்டு அரைச்சது, நான் பொடியனா இருந்து தண்ணி சுமந்தேன். வந்தன்னிக்கே மேல ஏறித் தட்டிப் பாத்தேன். கட்டை ஒண்ணும் உளுக்கல. மேல பதிச்ச தட்டோடு தெக்கு மூலையில மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது, தண்ணி போற தூம்புக்கு வாட்டம், அதான் சரிவு, செத்துப்போச்சு, தண்ணி அங்கயே தேங்கி எறங்குது. நோவு அவ்வளவுதான். அதுக்கு வீட்டையே இடிப்பாங்களா?

அந்த மூலைய மட்டும் பேத்துட்டு சுண்ணாம்பு ஜல்லி போட்டு வாட்டம் குடுத்து ஓடு பதிச்சுட்டா போதும். முந்நூறு ஓடு வரும்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன், காசு என்கிட்டயே இருக்கு. ஆவணியில ஆரம்பிச்சா ஐப்பசிக்குள்ள முடிஞ்சிரும். லீவு கிடைச்சா அப்ப வா. சித்தாளு கிடைக்குது, ரசமட்டம் புடிச்சு மட்டம் பாக்கத் தெரிஞ்ச ஆளுதான் இப்ப கிடைக்க மாட்டேங்குது.

அப்பா