ஒருநாள் விட்டு ஒருநாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைகைமொழி பெயர்ப்பாளர்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'சேவை', 'தொண்டு' என்று பாராவுக்குப் பாரா வருகிறது. 'படிப்பு' என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வந்தது. எனக்கு உறுத்தியது அதுதான்.

என் அம்மாவுக்குக் காது கேட்காது. செல்லூரில் தறி நெய்தவர். தெருவே தடதடக்கும்போதும் பகலில் நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவர்தான். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் நடுவில் நின்று பேசுவது நான். எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது ஒரு டாக்டர், "இந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடணும்" என்றார். அவர் வாயைப் பார்த்தபடியே சொல்லுக்குச் சொல் கையில் காட்டினேன்: ஒன்று, நாள், விடு, ஒன்று, நாள். அம்மா தலையாட்டினார். ஒருநாள் போட்டார், அப்புறம் விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்துக் கால் வீங்கி மறுபடி போனபோது டாக்டர் அம்மாவைத்தான் திட்டினார். அந்தத் திட்டையும் நான்தான் கையால் சொன்னேன், பாதியை விழுங்கிவிட்டு.

இந்த மாதிரித் தவறை ஒருவர் ஆராய்ந்தே இருக்கிறார் என்பது ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் டென்னிஸ் கோக்லி என்பவர், பேச்சைக் கேட்டு எத்தனை விநாடி கழித்து மொழிபெயர்ப்பாளரின் கை எழுகிறது என்று பார்த்தார். 1986இல் வெளியான ஆய்வு. இரண்டு விநாடியில் கையைத் தூக்கியவர்கள், நான்கு விநாடி பொறுத்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தப்பு செய்திருந்தார்கள். நான் இரண்டு விநாடிகூடப் பொறுக்கவில்லை.

சரி, அது ஆங்கிலத்துக்கு. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பு அதற்கும் கடைசியில். "நாளைக்கு ரத்தம் எடுக்கச் சாப்பிட்டுவிட்டு வர" என்பது வரை கேட்டாலும், வேண்டுமா வேண்டாமா என்று தெரியாது. இன்னொரு பக்கம், இந்திய சைகைமொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும்; 'உன் பேர் என்ன' என்று நாம் கேட்கிற அதே வரிசை. அங்கே ஆங்கிலக்காரர்களுக்கு உள்ள தலைவலி நமக்கு இல்லை. நம்முடைய தலைவலி வேறு. அதை நாம்தானே ஆராய வேண்டும்?

டெல்லியில் இந்திய சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015இல் தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது. 2021இல் அகராதியைப் பத்தாயிரம் சொல்லுக்கு விரித்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் 'ஒன்று', 'நாள்', 'விடு' என்ற மூன்று சொல்லையும் அன்றைக்கு நான் சரியாகத்தான் காட்டினேன்.

கோர்ட்டு விஷயம் இன்னும் சிக்கல். பேச முடியாத சாட்சி மொழிபெயர்ப்பாளர் உதவியோடு சொல்வதை வீடியோ எடுக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 2013லேயே திருத்தம் வந்துவிட்டது. அந்த வீடியோவைப் பார்த்து, 'கை சொன்னது ஒன்று, வாய் சொன்னது வேறு' என்று சொல்லும் அளவுக்குப் படித்தவர் வேண்டாமா? உயர் நீதிமன்றக் கிளையை ஊரிலேயே வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

நாகமலைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வு மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. சங்க இலக்கியத்தில் இன்னொரு பறவையைத் தேடுவதை ஒரு வருடம் தள்ளிவைத்து, நாலு பேர் இதில் இறங்கலாம். ஆஸ்பத்திரிப் பேச்சை அனுமதி வாங்கிப் பதிவு செய்யட்டும். காது கேளாதவர்களை வீடியோவில் பிடித்தால் மட்டும் போதாது, ஆய்வுக் குழுவிலேயே உட்கார வையுங்கள். எங்கே தப்பு என்று முதலில் கண்டுபிடிப்பது அவர்கள்தான்.

அப்படி யாராவது தொடங்கினால் வருவீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன். எத்தனை மணிக்கு என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.