சனிக்கிழமை போன்

அன்பு மகள் கயலுக்கு,

மூன்று சனிக்கிழமைகளாக உன் போன் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மாவடு போட்டாயிற்று. உனக்கென்று ஒரு ஜாடி தனியாக இருக்கிறது.

அண்ணன் எதையும் சொல்லவில்லை, அவனைக் கோபிக்காதே. "லண்டனில் வேலையை விட்டால் விசா எத்தனை நாள் தாங்கும்?" என்று சும்மாதான் கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "60 நாள்" என்றான். யோசிக்கக்கூட இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்று மாத வாடகையாவது கையில் இருக்கிறதா? வேளைக்குச் சாப்பிடு. உங்கள் மியூசியத்துக்கு அந்த ஆயுதக் கம்பெனியின் நன்கொடை வேண்டாம் என்று அங்கே வேலை செய்கிற நீங்கள் சேர்ந்து எழுதிய கடிதத்தைப் படித்தேன். உன் பெயர்தான் முதலில். பத்தாவதாகப் போட்டிருக்கக் கூடாதா? ஆனால் அந்தப் பக்கத்தை நான்கு முறை திறந்து பார்த்தேன்.

பழைய செய்திகளையும் தேடிப் படித்தேன். லண்டன் நேஷனல் கேலரி ஓவியக்கூடத்துக்கு ஃபின்மெக்கானிக்கா என்ற இத்தாலிய ஆயுதக் கம்பெனி கொடுத்துவந்த பணம் 2012-இல், ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே நின்றிருக்கிறது. பிறகு அந்தக் கம்பெனி லியோனார்டோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. போர் ஹெலிகாப்டர் விற்பவர்களுக்கு ஓவியனின் பெயர்! 2018 ஜூலையில் டிசைன் மியூசியம் அவர்களுடைய நிகழ்ச்சி ஒன்றுக்கு இடம் கொடுத்ததும், அங்கே கண்காட்சியில் இருந்த ஏறத்தாழ 40 பேர் தங்கள் படைப்புகளைக் கழற்றித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கழற்றிக்கொண்டு போகப் படங்கள் இருந்தன. மாதச் சம்பளக்காரியான உனக்கு வேலை ஒன்றுதானே இருந்தது? வாடகைப் பணத்தை மட்டும் தொடாதே, கயல்.

2009 மே உனக்கு நினைவிருக்கும். ஒன்பதாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்தாய். டிவியில் முள்ளிவாய்க்கால். நான் ஷிப்ட் முடித்து வந்து, கையில் எண்ணெய் வாடை போகாமலே சாப்பிட உட்கார்ந்தேன். "அப்பா, நீங்கள் செய்கிற துப்பாக்கியெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டாய். "உன் நாட்டிய வகுப்புக்கு அதிலிருந்துதான் பணம் வருகிறது, வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றேன்.

அதன்பின் நீ வகுப்புக்குப் போகவே இல்லை. பத்தாம் வகுப்புப் படிப்புக்காக நிறுத்திவிட்டாள் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். நானும் அதையே சொன்னேன். சலங்கை இன்னும் பரணில்தான் இருக்கிறது.

31 வருடம் துப்பாக்கிக் குழல் கடைந்தேன். எங்கே போகிறது என்று ஒரு நாளும் நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டவள் நீ ஒருத்திதான், உன்னையும் அடக்கினேன். உன் சம்பளம் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று அங்கேயும் உன்னிடம் கேட்டிருப்பார்கள். அதை உன்னிடம் முதலில் கேட்டவன் நான்.

என் பென்ஷன் பணத்தை நீ வாங்குவாயோ மாட்டாயோ, தெரியவில்லை. அம்மா ஜாக்கெட் தைத்துச் சேர்த்த 40,000 ரூபாய் தனியாக இருக்கிறது. அதை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போன் செய். நான்தான் எடுப்பேன்.

அப்பா