ஒன்பது நோட்டுகளுக்காக

அன்புள்ள நண்பர்களே, மாணவர்களே,

2024 அக்டோபர் 29 வெள்ள இரவைப் பற்றி மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நான் நலம். வாலன்சியாவை ஒட்டிய பெனெதூஸெர் ஊரில் என் வீட்டில் சேறு போய்விட்டது, வாடைதான் போகவில்லை.

ஸ்பெயினின் வாலன்சியா நகரத்து ருஸாஃபா சந்தை மீன்கடை அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. அவருக்குத் தமிழ் தெரியாது. ஸ்பானிய மொழியில் நானே வாசித்துக் காட்டுவேன்.

வாலன்சியாவுக்குப் பக்கத்து ஊரான பட்டர்னாவில் 1939 முதல் 1956 வரை சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி சுட்டுக் கொன்றவர்கள் 2,200-க்கும் மேல். அவர்களுடைய மகள்களும் பேரப்பிள்ளைகளும் 11 ஆண்டுகளாக என்னிடம் சொன்னதெல்லாம் வெள்ளத்தில் நனைந்த என் ஒன்பது நோட்டுகளில்தான் இருந்தது. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை.

ஆவணக் காப்பகத் தோழி ஃபோனில் சொன்னாள்: "தாளைப் பிரிக்காதே, உடனே உறைய வை. பூஞ்சை பிடித்தால் போச்சு." எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. 31-ஆம் தேதி, சொட்டச் சொட்ட நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு துரியா ஆற்று நடைபாலத்தைத் தாண்டி ருஸாஃபா சந்தைக்குப் போனேன். எதிரே துடைப்பமும் மண்வாரியுமாகப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் அனைத்துப் புனிதர்கள் திருநாள், கல்லறைக்குப் பூ கொண்டுபோகும் நாள். மீன்கடைக்கு நல்ல வியாபாரம் இருந்திருக்கும். எப்போதாவது மீன் வாங்குவேன், அவ்வளவுதான் பழக்கம். என்னவென்று அந்த அம்மா கேட்கவில்லை. "யாருடையது?" என்றார். பட்டர்னாவில் சுடப்பட்டவர்களின் பிள்ளைகளுடையது என்றேன். உறைபெட்டியின் ஒரு தட்டை மொத்தமாகக் காலி செய்தார். ஒவ்வொரு நோட்டையும் தனிப் பையில் போட்டு, மேலே என் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார்.

பட்டர்னாவின் வெட்டியான் லியோன்சியோ பாதியா, பெயரெழுதிய தாளைச் சிறு போத்தலில் அடைத்து உடல்களோடு புதைத்தார். குடும்பத்தாருக்காக ஒரு பொத்தானையோ துணித்துண்டையோ எடுத்துவைத்தார். வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பைகளின் மேல் என் பெயரைப் பார்த்தபோதுதான் அழுதேன்.

சேறு அள்ளியவர்கள், பணம் அனுப்பிய என் பழைய மாணவர்கள், சமைத்துப் போட்ட மாடிவீட்டுக்காரர்கள், நனைந்த குடும்பப் புகைப்படங்களை இன்னமும் பொறுமையாகக் கழுவிக்கொண்டிருக்கும் வாலன்சியா பல்கலைக்கழகத்தினர், எல்லோருக்கும் என் வணக்கம்.

ஃபிராங்கோ ஆட்சியில் பலியானவர்களுக்காக ஸ்பெயின் இயற்றிய 2007, 2022 நினைவுச் சட்டங்களை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். ஆனால் சொன்னவர்களின் வீட்டுக்கு ஒரு பிரதிகூட நான் கொடுத்ததில்லை. இனி ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் பக்கங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த கட்டுரை.

எட்டு நோட்டுகள் பிரித்தாகிவிட்டது. ஒன்பதாவது இன்னும் மீன்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை எடுத்துவரப் போகிறேன்.