வால்வைத் திறப்பவரும் போய்விட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு,

உள்ளாட்சிப் பணியிடக் குறைப்பு பற்றிய தங்கள் கட்டுரை தூய்மைப் பணியோடு நின்றுவிட்டது. சென்னை நீங்கலாக 20 மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றியமைத்து, 2022 அக்டோபரில் வந்தது அரசாணை 152. குடிநீர்ப் பிரிவில் ஆள் குறைந்தால் அது குப்பை போல மறுநாளே கண்ணில் படாது.

நல்ல தண்ணி நாள் விட்டு நாள் கூட வராத வீதிகள் கொங்குப் பகுதியில் நிறைய. அங்கே ஒரு வால்வை எத்தனை சுற்று திறப்பது என்பது மேடு பள்ளத்தைப் பொறுத்தது. பள்ளத்து வீதிக்கு முழுதாகத் திறந்துவிட்டால் மேட்டு வீதிக் குழாயில் காற்றுதான் வரும். மூடும்போது கடைசிச் சுற்றுகளை மெதுவாகத் திருப்ப வேண்டும். சட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டி, பழைய குழாயில் ஜாயின்ட் விட்டுப்போகும். இந்தச் சுற்றுக் கணக்கு பெரும்பாலும் திறப்பவர் நினைவில்தான் இருக்கிறது. தாருக்கு அடியில் போன வால்வுக் குழி எங்கே என்பதும் அப்படியே. 2011இல் கோவையோடு சேர்ந்த குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் போல, தனித்தனியாகக் குழாய் பதித்த ஊர்கள் ஒன்றாகும்போது சிக்கல் இன்னும் கூடும்.

குளோரின் கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 200 கிராம் குளோரின் தேவை. 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரில் அதற்கு சுமார் 600 கிராம் போதும். மூட்டையைப் பிரித்துப்போட்டு, ஈரம் பட்டு 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் ஒரு கிலோ வேண்டும். புதிதாக வந்தவர் அதே 600 கிராமைத்தான் போடுவார், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் கடைக்கோடி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு இருக்க வேண்டிய 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சாது. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுவதும் தவறு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும்.

இந்த வேலைக்குத் தனியார் ஆள் அனுப்பும் ஒப்பந்தத்தில் 'ஆள் இத்தனை' என்று மட்டும் எழுதினால், மாதம் ஒரு புது ஆள் வந்தாலும் பில் பாஸாகிவிடும். அதே ஆள் ஓராண்டாவது அதே பகுதியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும். ஓய்வு பெறுபவரோடு புதியவர் மூன்று மாதமாவது சேர்ந்து சுற்றட்டும். அந்த நாட்களில் ஒவ்வொரு வால்வின் இடம், சுற்று, திறக்கும் நேரம் மூன்றையும் பதிவேட்டில் ஏற்றிவிடலாம். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும், மென்பொருள் டெண்டர் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை.