இருபது படம் வேண்டாம், நாலு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் பயணம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், எல்லோரும் மோமா என்று சொல்கிற நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், முக்கியமான இருபது படங்களையும் பார்த்துவிடலாம் என்று எழுதி, அந்த இருபதின் பெயர்களையும் வரிசையாகப் போட்டிருந்தீர்கள். போகிறவர்களுக்கு உதவட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பட்டியலோடு போகிறவர் ஒரு படத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல்தான் வெளியே வருவார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடக்கிற நேரமும் கூட்டமும் போக ஒரு படத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் தேறினாலே பெரிது, அதிலும் பாதி போனில் படம் எடுப்பதில் கரைந்துவிடும். வான்கோவின் ‘நட்சத்திர இரவு’ முன்னால் நடப்பது இதுதான். கையைத் தூக்கிப் பிடித்த கூட்டம், ஒரு கிளிக், அப்புறம் அடுத்த அறை. 1889-ல் வரைந்த அந்தப் படம் காலண்டரில் வழவழவென்று இருக்கும், நேரில் அப்படி இல்லை. பெயின்ட் வரப்பு வரப்பாகத் தடித்து நிற்கிறது, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் வெளிச்சம் பட்டு ஒவ்வொரு தீற்றலும் தனித்தனியாகத் தெரியும், சில இடங்களில் இரண்டு தீற்றலுக்கு நடுவே பெயின்டே படாத கேன்வாஸ் துணி எட்டிப் பார்க்கும். அவர் கை எந்தப் பக்கம் சுழன்றது, எங்கே அழுத்தியது என்று கண்ணால் பின்தொடர முடிகிறது. இதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்!

இன்னொரு வருத்தமும் உண்டு. உங்கள் கட்டுரையில் ஸ்பானிய ஓவியர் டாலியின் உருகி வழியும் கடிகாரங்களையும் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவுக் கட்டத்துக்குள் அச்சிட்டிருந்தீர்கள். டாலி 1931-ல் வரைந்த அந்தப் படம் 24 சென்டிமீட்டர் உயரம், 33 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டிய படம் அது. பொல்லாக் 1950-ல் செய்ததோ ஐந்து மீட்டருக்கு மேல் அகலம், துணியைத் தரையில் விரித்துச் சுற்றிச் சுற்றி நடந்து பெயின்டை ஊற்றியும் சொட்டவிட்டும் செய்தது. அதன் முன்னால் நின்றால் இரண்டு ஓரமும் ஒரே பார்வையில் அடங்காது. கட்டத்துக்குள் அடைத்த பிறகு அது ஏதோ சிக்கலான நூல் மாதிரி ஆகிவிடுகிறது, அதைப் பார்த்துவிட்டு ‘இதை என் பையனே கிறுக்குவான்’ என்று சொல்கிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவருக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான். அதே பொல்லாக்கின் 1947-ஆம் வருடப் படம் ஒன்றில் பெயின்டுக்குள்ளேயே ஆணி, பட்டன், சாவி, சில்லறைக் காசு, சிகரெட், தீக்குச்சி எல்லாம் புதைந்து கிடக்கின்றன. இது எந்த அச்சிலும் வராது, இரண்டு நிமிடத்தில் கண்ணிலும் படாது.

புரியாதே என்று தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவரில் ஒட்டியிருக்கிற குறிப்பை முதலில் படிக்காதீர்கள். படத்தைப் பாருங்கள், தள்ளிப் போய்ப் பாருங்கள், பெஞ்சு இருந்தால் உட்காருங்கள், குறிப்பை அப்புறம் படித்துக்கொள்ளலாம். 1961-ல் இதே மோமாவில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘படகு’ என்ற படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். பாய்மரமும் தண்ணீரில் அதன் நிழலும், காகிதத்தை வெட்டிச் செய்தது. 47 நாள் அது அப்படியே தொங்கியது. கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னவர் நிபுணர் இல்லை, பார்க்க வந்த ஒரு பெண்மணி, நிழல் எப்படி நிஜத்தைவிட நுணுக்கமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர். கலை வரலாறு படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, நிதானமாகப் பார்த்திருந்தால் போதும்.

லண்டனில் டேட் மாடர்ன் என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அமெரிக்க ஓவியர் ராத்கோவின் படங்களுக்கென்று ஒரு மங்கலான அறை உண்டு. நுழைந்ததும் தெரிவது வெறும் கறுஞ்சிவப்பும் மரூனும்தான். கண் அந்த இருட்டுக்குப் பழகிய பிறகுதான் ஒரு சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு மெதுவாக மேலே வரும், ஓரங்கள் அசைகிற மாதிரி இருக்கும். அதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். பலர் வாசலிலேயே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை அருங்காட்சியகம் பற்றி எழுதும்போது இருபது படப் பட்டியலுக்குப் பதில் மூன்று அல்லது நான்கு படங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். எங்கே நின்று பார்ப்பது, கிட்டே போனால் என்ன தெரியும் என்று எழுதச் சொல்லுங்கள். அதோடு, அச்சிடுகிற ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அதன் உயரம், அகலத்தை சென்டிமீட்டரில் போடுங்கள். ஒரு வரிதான், இடம் பிடிக்காது.

அன்புடன்,
ஒரு நீண்ட கால வாசகி